இரண்டாயிரம் ரூபாய்க்குள் உதட்டுக்கும் கன்னத்துக்கும்: வன்னி வெயிலுக்கும் எங்கள் நிறத்துக்கும் எது சரிவரும்?

மல்லாவிப்பெண்:

வணக்கம். நான் மல்லாவிப் பக்கம் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். உதட்டுக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று வாங்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்தான் ஒதுக்கலாம். என் நிறம் நல்ல கறுப்பு. பான்சிக் கடையில் எடுத்துத் தருவதெல்லாம் வெளிர் ரோஸ். பூசினால் கன்னத்தில் சாம்பல் தட்டினதுபோல நிற்கிறது. காலையில் ஸ்கூட்டியில் கிரவல் ரோட்டால் போகிறேன். ஹெல்மெட், புழுதி, வியர்வை மூன்றையும் அது தாங்க வேண்டும். யூடியூப்பில் காட்டுகிற முறையெல்லாம் ஏசி அறைக்குள் இருப்பவர்களுக்குச் சரி. வன்னிக்குள் இருந்து பாவிக்கிறவர்கள் சொல்லுங்கோ: என்ன நிறம், என்ன வகை?

கரடிப்போக்கு அக்கா:

தங்கச்சி, நான் கிளிநொச்சியில் பார்லர் வைத்திருக்கிறேன். கலியாணவீடு, சாமத்தியவீடு என்று எங்கள் நிறத்து முகங்களில்தான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சாம்பல் தட்டுவதற்குக் காரணம் உங்கள் தோல் இல்லை. வெளிர் நிறம் வரவேண்டும் என்றால் கம்பனிக்காரர் வெள்ளை நிறமி சேர்ப்பார்கள், டைட்டானியம் டயொக்சைட். வெளுத்த தோலில் அந்த வெள்ளை தெரியாது, கறுத்த தோலில் அதுதான் முதலில் தெரியும். ஆகவே பேபி பிங்க், லைட் பீச் என்று எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள். செங்கல் நிறம், கறுவா நிறம், பிளம், நாவல்பழ நிறம், கடும் தோடம்பழ நிறம், இவற்றைப் பாருங்கள். பெட்டிக்குள் பார்க்கும்போது "இவ்வளவு கடுமையா" என்று பயப்படுத்துகிற நிறம்தான் எங்கள் கன்னத்தில் இயல்பாக இருக்கும்.

அடுத்தது, இரண்டு சாமான் வாங்கத் தேவையில்லை. செங்கல் நிறத்தில் ஒரு சாதாரணக் குச்சி லிப்ஸ்டிக் வாங்குங்கள். மினுக்கம் வேண்டாம், மினுக்கமே இல்லாத முழு மேட்டும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கிரீம் வகை. அது உதட்டுக்கும் கன்னத்துக்கும் போதும். மிச்சக் காசுக்கு உங்கள் நிறத்துக்கு ஒத்த பவுடர் ஒன்று எடுங்கள்.

குச்சியை நேரே கன்னத்தில் இழுக்கக் கூடாது. புறங்கையில் ஒரு கீறு போட்டு, நடுவிரல் நுனியால் அதை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி, விரலில் ஒட்டியிருப்பதை மட்டும் கன்ன எலும்பின் மேல் தட்டுங்கள். தேய்த்தால் கீழே பூசிய சன்ஸ்கிரீன் திரண்டு உருண்டு வரும். மூக்குப் பக்கம் இரண்டு விரல் அகலம் விடுங்கள், அந்த இடம்தான் முதலில் வியர்க்கும். பிறகு மேலே பவுடரை ஒற்றுங்கள். பவுடர் போட்டதும் நிறம் ஒரு படி இறங்கும், அதைக் கணக்கில் வைத்து முதலில் கொஞ்சம் தூக்கலாகவே தட்டுங்கள்.

இரணைமடு:

நானும் அக்கா சொன்ன ஒரே குச்சி முறைதான். கச்சேரியில் வேலை. காலையில் போட்டால் கன்னத்தில் மத்தியானம் வரை நிற்கும். உதட்டில் இருப்பது பத்து மணித் தேத்தண்ணியோடு போய்விடும், திரும்பப் பூச வேண்டும்.

பாமசிப்பிள்ளை:

வவுனியாவில் பாமசியில் நிற்கிறேன். எல்லாருக்கும் லிப்ஸ்டிக்கைக் கன்னத்தில் போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. லிப்ஸ்டிக்கில் பெரும்பங்கு மெழுகும் ஆமணக்கெண்ணெய் போன்ற எண்ணெய்களும்தான். பரு வருகிற தோலில் அதை நாள் முழுக்க வைத்திருந்தால் துவாரம் அடைபட்டு இன்னும் பரு வரலாம். எங்களிடம் பரு மருந்து வாங்க வருகிற பிள்ளைகளிடம் முதலில் நான் கேட்பதே கன்னத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்பதுதான். எண்ணெய்த் தோல்காரருக்குக் கன்னத்துக்கென்றே விற்கிற பவுடர் பிளஷ்தான் நல்லது. அதோடு கிரவல் ரோட்டுப் புழுதி கிரீமில் ஒட்டும், காய்ந்த பவுடரில் அவ்வளவாக ஒட்டாது.

இன்னொன்று. லிப்ஸ்டிக்கைக் கன்னத்தில் போடலாம், ஆனால் கன்னத்துப் பிளஷை உதட்டில் போட வேண்டாம். உதட்டில் பூசுவது வாய்க்குள்ளும் போகும், அதனால் உதட்டுச் சாமானில் சேர்க்க அனுமதிக்காத சாயங்கள் இருக்கின்றன. அவை கன்னத்துச் சாமானில் இருக்கலாம்.

கரடிப்போக்கு அக்கா:

பரு இருந்தால் நீங்கள் சொல்வது சரி, பவுடருக்கே போகட்டும். ஆனால் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் வன்னியில் முகம் காய்ந்து செதில் எழும்பிப் போகும். அந்தத் தோலில் பவுடர் பிளஷ் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், செதில் இருக்கிற இடமெல்லாம் தனியாகத் தெரியும். மாரியில் பவுடர், சோளகத்தில் கிரீம், இதுதான் என் பார்லரில் நடக்கிற முறை. புழுதிக்கு வழி மேலே சொன்ன பவுடர்தான். கிரீமை மூடாமல் ரோட்டில் இறங்கக் கூடாது.

மல்லாவிப்பெண்:

எனக்குப் பரு இல்லை, வறண்ட தோல். அப்போ கிரீம்தான். ஒரு சந்தேகம்: லேபலில் பொருட்கள் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். அதில் வெள்ளை நிறமி மேலே இருந்தால் தவிர்க்கலாமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

வற்றாப்பளை இரசாயனம்:

இரசாயனவியல் படிப்பிக்கிற ஆள் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். லேபலில் டைட்டானியம் டயொக்சைட் "சி.ஐ. 77891" என்று இருக்கும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஒட்சைட்டுகள் 77491, 77492, 77499. செங்கல், மண் நிறமெல்லாம் இந்த மூன்றின் கலவையால்தான் பெரும்பாலும் வருகிறது. ஆனால் வரிசையை வைத்து அளவைச் சொல்ல முடியாது. மற்றப் பொருட்களைக் கூடின அளவிலிருந்து குறைந்த அளவுக்கு எழுதுவார்கள், நிறமிகளை மட்டும் கடைசியில் எந்த ஒழுங்கிலும் எழுத விதி இடம் கொடுக்கிறது. ஒரே பட்டியலை எல்லா நிறத்துக்கும் அச்சடித்து, "இவற்றில் சில இருக்கலாம்" என்று ஒரு கூட்டல் கழித்தல் குறி போட்டு விட்டுவிடுகிற கம்பனிகளும் உண்டு.

ஆகவே கண்ணால்தான் பார்க்க வேண்டும். உள்ளங்கை கையின் வெளுத்த பகுதி, அங்கே பூசிப் பார்க்க வேண்டாம். முன்கையின் வெளிப்பக்கம், வெயில் பட்டுக் கறுத்த இடத்தில் ஒரு கீறு போட்டு, விரலால் மெல்லியதாக இழுத்து விடுங்கள். மெல்லியதாகும்போது பால் கலந்த நிறமாக மாறினால் வெள்ளை கூட. மெல்லியதானாலும் சிவப்பாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் அதுதான் உங்களுக்கானது. கடையின் டியூப்லைட்டில் இது தெரியாது. கையோடு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

நெடுங்கேணித்தாய்:

வாசலுக்குப் போய்ப் பார்க்கக் கடைக்காரர் விடுவார்களா?

இரணைமடு:

கீறு உங்கள் கையில்தானே இருக்கிறது அக்கா, சாமானை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். கிளிநொச்சிச் சந்தைக் கடைகளில் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

புதுக்குடியிருப்பு கார்மென்ட்:

நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் லைனில் பாதிப்பேர் பூசுவது லிக்விட் மேட் லிப்ஸ்டிக்தான். காலையில் பூசினால் பின்னேரம் வரை நிற்கும் என்பதால்தான். ஆனால் கிழமை முடியும்போது உதடு வெடித்துப் போகிறது. சாப்பிட்டபிறகு உதட்டின் நடுப்பகுதி மட்டும் கழன்று ஓரம் மட்டும் நிற்கிறது. இது மலிவுச் சாமானால் வருகிறதா, எல்லாம் அப்படித்தானா?

வற்றாப்பளை இரசாயனம்:

விலையை விட அதன் செய்முறைதான் காரணம். அந்த வகையில் ஐசோடோடெக்கேன் என்கிற ஆவியாகிற திரவம் இருக்கும். பூசியதும் அது பறந்துவிடும், சிலிக்கோன் பிசினும் நிறமும் ஒரு படலமாக உதட்டில் பிடித்துக்கொள்ளும். மேபலினின் சூப்பர் ஸ்டே மேட் இங்க் போன்ற பெயர்பெற்றவையும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. தண்ணீர் அந்தப் படலத்தை ஒன்றும் செய்யாது. எண்ணெய் கரைக்கும். தேத்தண்ணி குடித்தால் நிற்கிறது, வடை சாப்பிட்டால் நடுப்பகுதி போகிறது, காரணம் இதுதான். வெடிப்புக்குக் காரணம் அதில் உதட்டை மிருதுவாக வைக்கிற எண்ணெய், மெழுகு குறைவாக இருப்பது.

இரவில் வஸ்லின் பூசிப் படுங்கள். காலையில் பூசுமுன் அதை ரிசுவால் (டிஷ்யூ தாளால்) முற்றாகத் துடையுங்கள், எண்ணெய்ப்பசை இருந்தால் படலம் பிடிக்காது. மெல்லிய ஒரே பூச்சுத்தான். கழன்ற இடத்தில் மேலே மேலே பூசினால் தடித்து உரியும்.

கரடிப்போக்கு அக்கா:

குச்சி லிப்ஸ்டிக்கையும் நீண்ட நேரம் நிற்க வைக்கலாம் தங்கச்சி. ஒரு பூச்சு பூசி, ரிசுவை உதடுகளுக்கு நடுவில் வைத்து ஒற்றி எடுங்கள். ரிசு இரண்டு தாளாக இருக்கும், அதில் ஒன்றைப் பிரித்து உதட்டின் மேல் வைத்து, அதற்கு மேலால் பவுடரை பஃபால் தட்டுங்கள். தாளின் ஊடாகக் கொஞ்சமே கொஞ்சம் இறங்கும். பிறகு இரண்டாவது பூச்சு. மணப்பெண்ணுக்கும் இதைத்தான் செய்கிறேன். உதட்டோரம் கறுத்து நடு வெளுத்திருப்பவர்கள் மண்ணிற லிப் பென்சிலால் ஓரத்தைக் கீறி உள்ளே நிரப்பிவிட்டுப் பூசினால் நிறம் ஒரே மாதிரி வரும்.

ஸ்காபரோ வன்னியாள்:

நான் ஒட்டுசுட்டான், இப்போது கனடாவில். இங்கே ட்ரக்ஸ்டோர் மேக்கப் என்றால் ஷொப்பர்ஸ் ட்ரக் மார்ட் போன்ற பாமசிக் கடைகளில் தட்டில் அடுக்கி விற்கிற மலிவுச் சாமான்: ரெவ்லொன், மேபலின், எசென்ஸ், வெட் என் வைல்ட், எல்ஃப். எல்ஃப் 2004இல் ஒரு டொலர்ச் சாமான்களோடு தொடங்கிய கம்பனி. மலிவென்றால் தரமில்லை என்று நினைக்க வேண்டாம், எங்கள் நிறத்துக்கு நன்றாக வருகிறவை இதற்குள்ளேயே இருக்கின்றன. ரெவ்லொன் சூப்பர் லஸ்ட்ரஸில் ரம் ரைசின், டோஸ்ட் ஒவ் நியூயோர்க் இரண்டும் செம்மண்ணிறம். கன்னத்துக்கு வெட் என் வைல்ட் பவுடர் பிளஷில் மெலோ வைன். ஊருக்கு வருகிற உறவுக்காரரிடம் கேட்பதென்றால் "ஒரு லிப்ஸ்டிக் கொண்டுவாங்கோ" என்று பொதுவாகச் சொல்லாமல் நிறத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் மலிவு விற்பனையில் கிடந்த வெளிர் ரோஸ் செற்றுத்தான் சூட்கேசில் வரும்.

இங்கிருக்கிற ஆட்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் பாதி பாவித்ததை ஊருக்குக் கொடுத்துவிடாதீர்கள். புதிதாக ஒன்றே ஒன்று கொடுங்கள். அவர்களும் தங்களுக்கென்று திறக்காத ஒன்றை எடுத்துத் திறக்கட்டும்.

இரணைமடு:

கடைசி இரண்டு வரிக்காகவே உங்களுக்கு நன்றி அக்கா.

பாமசிப்பிள்ளை:

வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் மூடி திறந்த டப்பா படத்தைத் தேடுங்கள், உள்ளே 12 அல்லது 18 என்று எண் இருக்கும். திறந்ததிலிருந்து அத்தனை மாதம் பாவிக்கலாம் என்று அர்த்தம். மணம் எண்ணெய்க் காறலாக மாறினால் மாதக்கணக்குப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

எங்கள் வெயிலில் இன்னொன்று நடக்கும். லிப்ஸ்டிக்கைத் திருகினால் குச்சியின் மேல் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள் நிற்கும். சூட்டில் மெழுகுக்குள் இருக்கிற எண்ணெய் வெளியே வருவதுதான் அது, பழுதானதென்று அர்த்தமில்லை. ரிசுவால் ஒற்றிவிட்டுப் பாவிக்கலாம். ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் குச்சி இளகி மூடியோடு ஒட்டிவிடும். குளிர்சாதனப்பெட்டி இல்லாவிட்டால் தகரப்பெட்டியில் போட்டுத் தண்ணீர்ப்பானைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நெடுங்கேணித்தாய்:

என் மகளுக்குப் பதினாறு வயது. அவளும் கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், சிநேகிதியின் லிப்ஸ்டிக்கை வாங்கிப் பூசிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். ஊர் கதைக்கும் என்ற பயம் எனக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. அதைவிட, இந்த வயதில் பூசினால் உதடு கறுத்துவிடும் என்று அம்மா சொல்கிறார். உண்மையா?

பாமசிப்பிள்ளை:

லிப்ஸ்டிக் பூசிய எல்லாருக்கும் உதடு கறுப்பதில்லை அக்கா. சிலருக்கு ஒரு குறிப்பிட்ட சாயமோ வாசனைப் பொருளோ, சிலவேளை ஆமணக்கெண்ணெயே ஒத்துக்கொள்ளாது. உதடு அரித்துக் கடிக்கும், உரியும், அப்படியே தொடர்ந்து பூசினால் கறுக்கும். வெயிலும் உதட்டைக் கறுக்க வைக்கும். புதிதாக வாங்கியதை முழங்கையின் உள்பக்கம் காலையும் மாலையும் ஒரு கிழமை பூசிப் பார்க்கச் சொல்லுங்கள். சிவக்கவில்லை, கடிக்கவில்லை என்றால் உதட்டுக்குப் போகலாம். கடித்தால் நிறுத்திவிட்டுத் தோல் கிளினிக்குக்குப் போங்கள்.

ஆபத்து அந்தச் சிநேகிதியின் லிப்ஸ்டிக்தான். உதட்டில் கொப்புளம் வருகிற ஹெர்ப்பிஸ் வைரஸ் அப்படியும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகலாம். தடை போட்டால் கடன் வாங்கிப் பூசுவாள். அவளுக்கென்று மெல்லிய நிறமுள்ள லிப்பாம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், வெயில் காப்பு உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது.

கரடிப்போக்கு அக்கா:

கடையில் பூசிப் பார்க்க வைத்திருக்கிற டெஸ்டரையும் நேரே உதட்டில் வைக்கக் கூடாது. பார்லருக்குப் போனால் அங்கே குச்சியிலிருந்து சுரண்டி எடுத்துத் தூரிகையால் பூசுகிறார்களா என்று பாருங்கள். நேரே பூச வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காசு கொடுக்கிற உங்களுக்கு அதைக் கேட்கிற உரிமை இருக்கிறது.

முள்ளியவளை ஆடல்:

நான் நடனம் பழக்குகிறேன், வயதில் உங்கள் எல்லாருக்கும் மூத்தவள். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் சவுக்காரமே கிடைக்காமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்த சனம் நாங்கள். அப்போது மேடைக்கு ஏறுகிற பிள்ளைகளுக்குக் குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து உதட்டுக்கும் கன்னத்துக்கும் பூசினோம். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் லிப்ஸ்டிக் தாராளமாக உள்ளே வந்தது. பிள்ளைகள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த சந்தோசம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "இயற்கை லிப்ஸ்டிக்" என்று குங்குமத்தை உதட்டில் பூசுகிற வீடியோக்கள் இப்போது வருகின்றன. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் வேறு. கடையில் விற்கிற சிவப்புப் பொடியில் என்ன சாயம் என்று பெட்டியில் எழுதியிருப்பதில்லை. சிலவற்றில் ஈயம் கலந்திருந்தது சோதனைகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் அன்று வேறு வழியில்லாமல் செய்தோம். இன்று வழி இருக்கிறது, ஆகவே என் மாணவிகளுக்கு அதைப் பூச நான் விடுவதில்லை.

ஒரு கேள்வியும் எனக்கு உண்டு. வைகாசிப் பொங்கலுக்கும் கந்தசஷ்டிக்கும் விரதம் பிடிக்கிறவர்கள் நாங்கள். சில லிப்ஸ்டிக்கில் பூச்சியிலிருந்து எடுத்த நிறம் இருக்கிறது என்கிறார்களே?

வற்றாப்பளை இரசாயனம்:

உண்மைதான் ரீச்சர். கொச்சினீல் என்கிற கள்ளிச்செடிப் பூச்சியிலிருந்து எடுக்கிற சிவப்பு அது. லேபலில் கார்மின் அல்லது சி.ஐ. 75470 என்று இருக்கும். அந்தப் பெயரோ இலக்கமோ இல்லாததை எடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. தேன்மெழுகையும் தவிர்க்க விரும்பினால் கார்னோபா, கண்டலில்லா என்று எழுதியிருப்பவை தாவர மெழுகுகள்.

புதுக்குடியிருப்பு கார்மென்ட்:

போலிச் சாமானை எப்படி அறிவது? எங்கள் பக்கம் ஒரு கடையில் பெயர்பெற்ற கம்பனியின் பெட்டி, விலையோ கால்வாசி. சிநேகிதி வாங்கிப் பூசி உதடு வீங்கிவிட்டது. கடைக்காரர் திருப்பி எடுக்கவே இல்லை.

பாமசிப்பிள்ளை:

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, உச்ச சில்லறை விலை, காலாவதித் திகதி ஒட்டியிருக்க வேண்டும். பெட்டியில் இருக்கிற தொகுதி இலக்கமும் உள்ளே குச்சியின் அடியில் இருக்கிற இலக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் பளபளத்தால் வாங்க வேண்டாம். பெயர் தெரியாத கம்பனியின் முழு விவரம் எழுதிய சாமான், பெயர்பெற்ற கம்பனியின் போலியை விட எவ்வளவோ பாதுகாப்பு. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

மல்லாவிப்பெண்:

எல்லாருக்கும் நன்றி. கிளிநொச்சிக்குப் போய் வாங்கிவிட்டேன். நான்கு நிறங்களை முன்கையில் வரிசையாகக் கீறி வாசலில் நின்று இழுத்துப் பார்த்தேன். இரண்டு பாலாகப் போய்விட்டன. ஒன்று ஊதாவாகத் திரும்பியது. கறுவா நிறம் மட்டும் மெல்லியதானபோதும் அப்படியே சிவந்து நின்றது. லிப்ஸ்டிக்கும் ஒரு பவுடரும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள்தான் முடிந்தது. முழங்கையில் ஒரு கிழமை பார்த்துவிட்டு இப்போது பூசுகிறேன். முன்பள்ளிக்குப் போய் ஹெல்மெட்டைக் கழற்றும்போது கன்னத்து நிறம் இருக்கிறது, பட்டி உரசுகிற தாடைப்பக்கம் மட்டும் கொஞ்சம் குறைகிறது.

ஒன்று கேட்க வேண்டும். இரவில் கழுவும்போது போகிறதே இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவுக்காரத்துக்கு நுரைக்காது.

கரடிப்போக்கு அக்கா:

பட்டி உரசுகிற இடத்துக்கு நிறத்தைக் கொண்டுபோகாதீர்கள், இன்னும் மேலே, கண்ணோரத்துக்குக் கிட்ட நிறுத்துங்கள்.

கல்சியம் கூடின தண்ணீரில் சவுக்காரம் போட்டுத் தேய்த்தால் முகம்தான் காயும். முதலில் தண்ணீரே வேண்டாம். காய்ந்த முகத்தில் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு எடுத்து உதட்டிலும் கன்னத்திலும் வட்டமாகத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுப் பஞ்சால் துடையுங்கள். நிறம் பஞ்சில் வரும். பஞ்சு வெள்ளையாக வரும் வரை துடைத்துவிட்டு, பிறகு ஃபேஸ்வாஷ். பரு உள்ளவர்கள் தேங்காயெண்ணெய்க்குப் பதில் பாமசியில் விற்கிற மேக்கப் ரிமூவர் எடுக்கட்டும்.

புதுக்குடியிருப்பு கார்மென்ட்:

லிக்விட் மேட்டுக்கும் இதுதானா அக்கா?

கரடிப்போக்கு அக்கா:

ஓம் தங்கச்சி, அதுக்கும் எண்ணெய்தான். கொஞ்சம் கூட நேரம் ஊற விடுங்கோ, உரித்து எடுக்க வேண்டாம்.